வெங்கடம்மாளுக்கு அடித்த ஆணி

அஞ்செட்டியிலிருந்து காட்டுப் பக்கம் பிரிகிற வண்டித்தடத்தில் நாராயணப்பன் கொட்டாய் என்று ஒரு தனி வீடு இருந்தது. நாராயணப்பன் செத்த பிறகும் பெயர் மாறவில்லை. அவருடைய இரண்டு மனைவிகளும் அங்கேதான் இருந்தார்கள். மூத்தவள் வெங்கடம்மாள், இளையவள் செல்லி. ஒரே கூரை, நடுவில் ஒரு மண்சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு.

வெங்கடம்மாள் ஏர் பிடிப்பாள். பெண் ஏர் பிடித்தால் முகம் சுளிக்கிற காலம் அது. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ராகி மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறுவாள். சந்தைக்குப் போகிற வழியில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தாலும் திரும்பி வர மாட்டாள். பிள்ளை மட்டும் பிறக்கவில்லை. அதற்காக நாராயணப்பன் மத்தூர்ப் பக்கத்திலிருந்து செல்லியைக் கட்டிக்கொண்டு வந்தபோது, பந்திக்குக் களி கிண்டியவளும் வெங்கடம்மாள்தான். செல்லிக்குச் சாந்தம்மா என்று ஒரு பெண் பிறந்தாள். வளர்ந்து கெலமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

நாராயணப்பன் காய்ச்சலில் செத்த அன்று, பிணத்தை எடுப்பதற்கு முன்னாலேயே, வெங்கடம்மாள் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னாள். "இவ கையால வாங்கிக் குடிச்ச கஷாயந்தான் அவரைக் கொண்டுபோச்சு."  காரியம் முடிந்ததும் செல்லி மண் குழைத்து அந்தச் சுவரை எழுப்பினாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. ஒரே கிணற்றில்தான் தண்ணீர் சேந்தினார்கள். ஒருத்தி போய்த் திரும்பிய பிறகு மற்றவள் போவாள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் அறுப்பு முடிந்திருந்த நேரம். காலையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த வெங்கடம்மாளைக் கிடாரி ஒன்று இடித்துத் தள்ளியது. பெரிய இடி இல்லை. பக்கவாட்டில் சாய்ந்து, இடுப்பு கல்தொட்டியின் விளிம்பில் பட விழுந்தாள். எழுந்துவிடலாம் என்று நினைத்து வலது காலை இழுத்தாள். கால் வரவில்லை. பாதம் தன்பாட்டுக்கு வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது, அவளுடையது இல்லாத மாதிரி.

வெயில் ஏறி இறங்கும்வரை அங்கேயே கிடந்தாள். கூப்பிட அவளுக்கு ஆள் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளைக் கூப்பிட வாய் வரவில்லை. கறக்காத பசு கத்திக்கொண்டே இருந்ததைக் கேட்டுத்தான் செல்லி பட்டிப் பக்கம் வந்தாள்.

பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்தது.

"தூக்கட்டுமா?" என்றாள்.

"தொடாத."

 செல்லி குனிந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். வெங்கடம்மாள் போட்ட சத்தத்தில் மாடெல்லாம் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கின.

கட்டு கட்டுகிற முனிசாமியைக் கூட்டிவந்தார்கள். கை கால் முறிந்தால் சுற்றுப்பட்டில் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். அவர் காலை நீட்டி இழுத்து, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து இடுப்பிலிருந்து முழங்கால்வரை கட்டினார். "அசையாமப் படுத்திருக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெங்கடம்மாள் அசையாமல்தான் படுத்திருந்தாள். அசைய முடிந்தால்தானே. செல்லி முதலில் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தாள். வாசலிலிருந்து கஞ்சி எப்படி வாய்க்குப் போகும்? ஊட்டவேண்டியிருந்தது. ஊட்டினால் பின்னாலேயே சட்டி வைக்கவேண்டியிருந்தது. துணி மாற்றவேண்டியிருந்தது. வெங்கடம்மாள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்த ஏர் பிடித்த உடம்பை இன்னொருத்தி புரட்டிக் கழுவுவதைப் பார்க்க அவளுக்கு மனசு ஒப்பவில்லை. செல்லிக்கும் அருவருப்பு இருந்தது, கோபமும் இருந்தது. இந்தப் பொம்பளை செத்துத் தொலைந்தால் என்ன என்று நினைத்த நாளும் உண்டு. அதை அவள் பின்னாளில் மகளிடமே சொல்லியிருக்கிறாள்.

வாரங்கள் போயின. முதுகின் அடியில் தோல் சிவந்து, கறுத்து, குழியாகப் புண் விழுந்தது. வீட்டுக்குள் நுழைந்தாலே நாற்றம் அடித்தது. வெங்கடம்மாளின் தம்பி தீர்த்தகிரி ஒருமுறை வந்தான். மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு வாசலில் நின்றபடியே பார்த்தான்.

"இந்த வயசுல இடுப்பெலும்பு ஒட்டாது. எங்க மாமியாரும் இப்பிடித்தான் கெடந்து போனாங்க. ரெண்டு மாசமோ மூணு மாசமோ" என்று செல்லியிடம் சொன்னான். உள்ளே கேட்கும்படிதான் சொன்னான். அப்புறம் அவன் வரவில்லை.

முனிசாமி மறுபடி வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். கால் குட்டையாகத்தான் இருந்தது. பாதம் அதே பக்கம் சாய்ந்தது. அவர் வெளியே வந்து செல்லியிடம், "கையின்னா, முழங்காலுக்குக் கீழன்னா நான் கட்டிடுவேன், தாயி. இது மூட்டுக்கு உள்ளார முறிஞ்சிருக்குது. என் கட்டு அங்க எட்டல. பெங்களூரு மிஷன் ஆஸ்பத்திரியில உள்ளார ஆணி அடிச்சு நிறுத்துறாங்களாம். கேள்விப்பட்டதுதான்" என்றார். கூலி வாங்காமல் போனார்.

எலும்புக்குள் ஆணி அடிப்பதா?  செல்லி அதை வெங்கடம்மாளிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் புண்ணைக் கழுவும்போது வெங்கடம்மாளே பேச்செடுத்தாள்.

"செல்லி. வேலியோரம் அரளி காய்ச்சிருக்குதா?"

செல்லியின் கை நின்றது.

"அரைச்சுக் குடுத்துடு. நான் கேட்டு வாங்கிக் குடிச்சேன்னு யாரு வந்து கேட்டாலும் சொல்றேன். உயிரு இருக்கச்சேயே சொல்லிட்டுக் குடிக்கிறேன்."

"அன்னைக்கு நான் விஷம் வெச்சேன்னு ஊரு முன்னாடி சொன்ன. இப்ப நெசமாவே வைக்கச் சொல்றியா?"

 "நாறுதுடி. என் மேல எனக்கே நாறுது" என்றாள் வெங்கடம்மாள். "நாயி கூட ஒதுங்கிப் போயி சாவும். எனக்கு ஒதுங்கவும் கால் இல்ல."

செல்லி துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வேலியோரம் போனாள். அரளிச் செடிக்கு முன்னால் போய் நின்றாள். காயைத் தொட்டாள் என்றும் சொல்வார்கள். திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது.

"பெங்களூருல ஒரு ஆஸ்பத்திரி இருக்குதாம். டாக்டரு ஒருத்தரு பாத்துச் சொல்லட்டும். அவரும் ஆவாதுன்னு சொன்னா, நானே அரைச்சுத் தரேன். சத்தியமா தரேன்" என்றாள்.

இப்படி ஒரு சத்தியத்தை வாங்கிக்கொண்டுதான் வெங்கடம்மாள் வண்டியில் ஏறச் சம்மதித்தாள்.

வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் கட்டிலையே தூக்கி வைத்துக் கட்டினார்கள். தேன்கனிக்கோட்டைவரை காட்டுப் பாதை. ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் இறங்கும்போது வெங்கடம்மாள் பல்லைக் கடித்த சத்தம் வண்டிக்காரனுக்கே கேட்டது. கோட்டையில் பஸ்ஸில் படுக்கவைத்துக் கொண்டுபோக முடியாது என்றுவிட்டார்கள். பெங்களூருக்குப் புளி ஏற்றிப் போகிற லாரிக்காரன் ஒருவனிடம் செல்லி தனக்குத் தெரிந்த கன்னடத்தில் கெஞ்சினாள். அவன் முதலில் மாட்டேன் என்றான். பிறகு இறங்கி வந்து கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தான். புளி மூட்டைகளைச் சமமாக அடுக்கி இடம் செய்தான். ஓசூர் தாண்டி, எல்லை தாண்டி, புளி மூட்டை மேல் வானத்தைப் பார்த்தபடி வெங்கடம்மாள் போனாள். செல்லி அவள் பாதம் சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அருள்செல்வி என்று ஒரு நர்ஸ், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண், பெயர் எழுதிக்கொண்டாள்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"அவ புருசனுக்கு ரெண்டாந்தாரம்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "ரத்த சொந்தம் யாரும் வரலையா?"

"தம்பி இருக்கான். வரமாட்டான்."

டாக்டர் ஜேம்ஸ் தமிழர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடையெலும்பின் மேல்முனையில் ஒரு குண்டு இருக்கிறது, அது இடுப்புக் குழிக்குள் சுழல்கிறது, குண்டுக்குக் கீழே கழுத்துப்போல இருக்கிற இடம் முறிந்திருக்கிறது என்றார்.

"விழுந்த உடனே வந்திருந்தா நல்லது. நாளாயிடுச்சு. ஆணி அடிச்சா ரெண்டு துண்டையும் சேத்துப் பிடிச்சுக்கும். ஆனா ஆணி ஒட்ட வைக்காதும்மா, ரத்தம்தான் ஒட்ட வைக்கும். குண்டுக்கு ரத்தம் போவுதா இல்லையான்னு எனக்கு இப்பத் தெரியாது. உள்ள போயிப் பாத்தாலும் தெரியாது."

"அப்ப எதுக்கு அடிக்கோணும்?" என்றாள் வெங்கடம்மாள் படுக்கையிலிருந்து.

"நாளைக்கே உங்கள உக்கார வைக்கலாம். உக்காந்தா புண் ஆறும், நெஞ்சுல சளி கட்டாது. இப்பிடியே கெடந்தா புண்ணே உங்களக் கொன்னுடும்."

உட்காரலாம் என்ற ஒரு வார்த்தைதான் அவள் காதில் நின்றது. செல்லியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். செல்லி கைநாட்டு வைத்தாள்.

மயக்கம் கொடுக்கவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். வலி தெரியவில்லை, சத்தம் தெரிந்தது. பாதியில் நிறுத்திவிட்டுப் படம் எடுத்தார்கள். அது கழுவி வரும்வரை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் தொடை திறந்தபடி காத்திருந்தது. பிறகு சுத்தியல் விழுந்தது. வண்டிச் சக்கரத்துக்கு ஆப்பு அடிக்கிற சத்தம் மாதிரியே இருந்தது என்று அவள் பிறகு சொன்னாள். ஒவ்வோர் அடிக்கும் தன் உடம்பு முழுக்க மேசையில் மேலே நகர்வது அவளுக்குத் தெரிந்தது. நகரக் கூடாது என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாளாம்.

மறுநாள் உட்காரவைத்தார்கள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, கூரையைப் பார்க்காமல் எதிரில் இருக்கிற மனுஷ முகத்தைப் பார்த்தாள். தலை சுற்றியது. ஆனாலும் படுக்க மாட்டேன் என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் சரோஜம்மாள் என்று பெங்களூர்க்காரி ஒருத்தி. குளியலறையில் வழுக்கி விழுந்து, அன்றே வந்து, அதே ஆணியை அடித்துக்கொண்டவள். மகன்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து போனார்கள். "உங்களுக்கு நாளு ஆனதுதான் கஷ்டம். எனக்குச் சீக்கிரம் ஒட்டிடும்னாரு டாக்டர்" என்று வெங்கடம்மாளிடம் இரக்கமாகச் சொன்னாள். ஒரு மத்தியானம் பேசிக்கொண்டிருந்தவள் மூச்சு வாங்குகிறது என்றாள். நர்ஸ் ஓடிவருவதற்குள் முகம் நீலம் பாரித்துவிட்டது. நுரையீரலில் ரத்தக்கட்டி போய் அடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். உரித்த ஆரஞ்சு பாதி கட்டிலில் இருந்தது.

வெங்கடம்மாள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "நல்லா இருந்தவள எடுத்துக்கிட்டு என்னை விட்டுட்டுப் போறானே எமன், அவனுக்குக் கணக்குத் தெரியலையா?" என்று செல்லியிடம் கேட்டாள். செல்லி, "சோத்தைத் தின்னு" என்றாள்.

காலைத் தரையில் ஊன்றவே கூடாது, படம் எடுத்து நான் சொல்கிறவரை கூடாது என்று டாக்டர் சொல்லி, கக்கத்தில் வைக்கிற கட்டைகள் கொடுத்து அனுப்பினார்.

கொட்டாய்க்குத் திரும்பியபோது முதுகுப் புண் சுருங்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் சொன்னதை வெங்கடம்மாள் சொன்னபடி கேட்டாள். வலது காலை நீட்டி, கட்டைகளில் தொங்கிக்கொண்டு வாசல்வரை போவாள். அங்கே உட்கார்ந்து அவரைக்காய் உரிப்பாள். மழை வந்ததும் செல்லி இரண்டு பேர் நிலத்தையும் உழவேண்டியிருந்தது. அவளுக்கு ஏர் பழக்கமில்லை. உழுத சால் பாம்பு மாதிரி நெளிந்தது.

"மேழிய அமுத்துடி. மாட்டோட போவாத, மாட்டை உன்னோட கூட்டிக்கிட்டுப் போ" என்று வாசலிலிருந்து வெங்கடம்மாள் கத்துவாள்.

"வாயி மட்டும் முறியல" என்பாள் செல்லி, அவளுக்குக் கேட்காதபடி.

அந்த ஒரு பருவம் நன்றாகத்தான் போயிற்று. அடுத்த வருஷம் நானே உழுவேன் என்று வெங்கடம்மாள் அந்தத் தடத்தில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சாந்தம்மா கெலமங்கலத்திலிருந்து வந்து பார்த்தபோது, பெரியம்மாவின் முகம் தெளிந்திருப்பதைக் கண்டு, ஆணி என்றால் இதுவல்லவா ஆணி என்று நினைத்தாளாம்.

ராகி கதிர் பிடிக்கிற சமயம், தொடையிடுக்கில் வலி ஆரம்பித்தது. முதலில் அவள் சொல்லவில்லை. உட்கார்ந்து எழும்போது உள்ளே ஏதோ உரசுகிற மாதிரி இருந்தது. பிறகு உட்காரவும் முடியவில்லை. மறுபடி வண்டி, மறுபடி லாரி.

டாக்டர் ஜேம்ஸ் படத்தை வெகுநேரம் பார்த்தார். குண்டு சுருங்கிப் போயிருந்தது. ஆணியின் முனை அதைத் துளைத்துக்கொண்டு மூட்டுக்குள் எட்டிப் பார்த்தது.

"ஒட்டலைம்மா. குண்டு செத்துப்போச்சு" என்றார்.

"நான் காலை ஊனலைங்களே."

"தெரியும்."

"ஒருநாள் கூட ஊனலைங்க. இவளக் கேளுங்க. மழையில வழுக்கினப்பக் கூட ஊனாம இடக்கையில விழுந்தேன்."

"நீங்க ஒரு தப்பும் பண்ணல. நான் சொன்னதெல்லாம் செஞ்சீங்க. செஞ்சும் சில பேருக்கு இப்பிடி ஆயிடுது."

தப்பு செய்யவில்லை என்று அவர் சொன்னதுதான் அவளை உடைத்தது. கல்தொட்டியில் விழுந்தபோதும், புண் விழுந்தபோதும், ஆணி அடித்தபோதும் அழாதவள், அந்தப் படம் பார்க்கிற அறையில், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தன் தவறு என்று ஒன்று இருந்திருந்தால் அதையாவது திட்டியிருப்பாள்.

செல்லிதான் கேட்டாள். "அப்ப எதுக்குங்க அடிச்சீங்க? முன்னாடியே விட்டிருந்தா இந்நேரம் நிம்மதியாப் போயிருப்பாளே."

"ஆமா, போயிருப்பாங்க" என்றார் டாக்டர். "போயிடக் கூடாதுன்னுதான் அடிச்சேன்."

எலும்பை வெட்டிச் சாய்த்து வைக்கிற வேறொரு ஆபரேஷன் இருக்கிறது, மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடக்கவேண்டும் என்றார். வெங்கடம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றாள். ஆணியை மட்டும் எடுத்துவிட்டார்கள். குத்துகிற வலி போனது. கால் இன்னும் குட்டையானது.

ஊர் திரும்பிய அவள் அரளியை மறுபடி கேட்கவில்லை. ஏரும் அப்புறம் பிடிக்கவில்லை. வலது செருப்புக்கு அடியில் தோல்மேல் தோலாகத் தைத்து உயர்த்திக்கொண்டு, ஒரு தடியை ஊன்றி, வெளிப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். குனியவும் முடியாது, குந்தி உட்காரவும் முடியாது. பனிக்காலத்தில் காலையில் முதல் அடி வைப்பதற்குள் கண்ணில் நீர் முட்டிவிடும். ஆனாலும் நடந்தாள். செல்லியும் அவளும் இப்போது பேசினார்கள், பெரும்பாலும் சண்டையாக. பீர்க்கங்கொடி யார் பக்கம் படர்கிறது என்று ஒரு வாரம் சண்டை போட்டார்கள். கஷாயத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தையை வெங்கடம்மாள் கடைசிவரை திரும்பப் பெறவில்லை. செல்லியும் கேட்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மழை முடிந்த கையோடு செல்லிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மலைப்பக்கத்தில் எல்லாருக்கும் வருகிறதுதான் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். ஒரு காலையில் செல்லி பிதற்ற ஆரம்பித்தாள். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

அடுத்த கொட்டாய் மேட்டுக்கு அந்தப் பக்கம். வண்டி அங்கேதான் இருக்கும். ஒரு காலத்தில் மூட்டையோடு ஒரே மூச்சில் ஏறிய மேடு. வெங்கடம்மாள் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாதி மேட்டில் சரளை சறுக்கி விழுந்தாள். குனிந்து எழ முடியாதவள், ஒரு மரத்தடிவரை தவழ்ந்துபோய், அதைக் கட்டிப்பிடித்து எழுந்தாள். கத்திப் பார்த்தாள். யாருக்கும் கேட்கவில்லை. வேறு யாராவது போயிருந்தால் வெயில் ஏறுவதற்குள் வண்டி வந்திருக்கும். அவள் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது சாய்ந்துவிட்டது.

"வண்டி பூட்டு. கோட்டைக்குப் போவோணும். செல்லி கண்ணு முழிக்க மாட்டேங்கறா" என்றாள். முழங்கையிலும் முழங்காலிலும் ரத்தம் வழிந்தது.

வண்டி கொட்டாய்க்கு வந்தபோது செல்லிக்கு உயிர் இல்லை. உடம்பு சூடாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கம் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. வெங்கடம்மாள் போனாள். சாவுக்கு வந்திருந்த தம்பி தீர்த்தகிரி தடுத்தான். அவனைத் தடியால் ஒதுக்கிவிட்டுப் பாடைக்குப் பின்னால், எல்லாருக்கும் கடைசியாக, நொண்டிக்கொண்டு போனாள். குழிக்கருகில் நின்றவளுக்குக் குனிந்து மண் அள்ள முடியவில்லை. ஒருமுறை முயன்றாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு முனிசாமி குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைப் போடாமல் வெகுநேரம் வைத்துக்கொண்டு நின்றாள். ஆட்கள் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள்.

"இவளத்தானே நான் நம்பிக்கிட்டிருந்தேன்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். பிறகு கையை விரித்தாள்.

சாந்தம்மா அவளைக் கெலமங்கலத்துக்குக் கூட்டிப்போனாள். மாடுகளை விற்றுவிட்டார்கள். கூடத்தில் அவளுக்கென்று ஒரு கட்டில் போட்டு, புதுப்பாய் விரித்துக் கொடுத்தார்கள். முதல் நாளே அவள் அதில் படுக்க மறுத்துவிட்டாள். சுவரில் சாய்ந்து, குட்டைக்காலை நீட்டி, உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

"படுங்க பெரிம்மா. எத்தினி நேரம் இப்பிடியே உக்காருவீங்க" என்று சாந்தம்மா கெஞ்சினாள்.

"படுத்தா புரட்டிப் போட ஆள் வேணுமே, சாந்தா" என்றாள் வெங்கடம்மாள்.

சாந்தம்மா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஒரு சாக்கில் உமியை நிரப்பித் தைத்து, அவள் முதுகுக்கு அணைப்பாக வைத்துவிட்டுப் போனாள்.